ஏற்காட்டில் ஒரு ராத்திரி, ஒரே படம்: எந்த இரண்டாம் பாகத்தைப் போடுவது?

அக்கா பிள்ளைகள் மூன்று பேரும் மே விடுமுறைக்கு ஏற்காடு வருகிறார்கள். நாகலூர்ப் பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் காபித் தோட்டத்து வீடு. கூடத்தில் ஒரு சுவர் முழுக்க வெள்ளையடித்துக் காலியாகக் கிடக்கிறது. சேலத்தில் நண்பரிடம் புரொஜெக்டர் சொல்லி வைத்தாயிற்று. தங்கப்போவது ஒரே ராத்திரி, ஆகவே ஒரே படம். மூன்று பேரும் சூப்பர் ஹீரோ படங்களோடு வளர்ந்தவர்கள், முதல் பாகங்களைப் பார்த்து முடித்தவர்கள். அதனால் இரண்டாம் பாகம் ஒன்றைப் போடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம்.

நடுவுள்ளவன் ஒன்பதாவது முடித்தவன். அவனுக்கு 'தி டார்க் நைட்' வேண்டும். மூத்தவள் பிளஸ் டூ எழுதிவிட்டுக் காலேஜுக்குக் காத்திருக்கிறாள். ஸ்கெட்ச் நோட்டு இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. அவள் கேட்பது 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்'. கடைக்குட்டிக்கு எட்டு வயது. "நிறைய சண்டை இருக்கணும் மாமா, ஆனா யாரும் சாகக் கூடாது" என்று சொல்லிவிட்டான். கூடவே என் அம்மாவும் வருகிறார், பிள்ளைகளுக்கு அம்மாயி. படம் எதுவானாலும் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பவர். நான் போட விரும்புவது 2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2'. மாமா சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டார்கள்தான். அதற்காகத் திணிக்க எனக்கு மனமில்லை. மூன்றையும் நியாயமாக நிறுத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். கதைகளைச் சொல்லாமல் ஒப்பிட முடியாது. இந்தப் படங்களை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றிருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில், பட்டியலில் சேராதவை. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019-இல் வந்தபோது தமிழில் அயர்ன்மேன் டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார், எங்கள் வீட்டில் அதைப் பற்றிய சண்டை மாதக்கணக்கில் ஓடியது. ஆனால் அது 181 நிமிடம். அதற்கு முந்தைய படங்களில் பாதியையாவது பார்த்திருந்தால்தான் கடைசி ஒரு மணி நேரம் நெஞ்சில் இறங்கும். அம்மாவுக்கும் கடைக்குட்டிக்கும் அது வெறும் கூட்டமாகத்தான் தெரியும். '2.0' டிவியில் எத்தனையோ முறை ஓடியாயிற்று. 2021-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்தைப் பிள்ளைகள் மூவரும் பார்த்துவிட்டார்கள். ஆனால் அந்தப் படம்தான் என் தேர்வுக்கு முக்கியமான காரணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். என் அளவுகோல் இது: முதல் பாகம் நாயகனுக்குச் சக்தி கொடுக்கிறது. சிலந்தி கடிக்கிறது, கவசம் கிடைக்கிறது, நகரம் வாய் பிளந்து பார்க்கிறது. அந்தச் சந்தோஷத்தை ஒரு முறைதான் தர முடியும். அதே சந்தோஷத்தைப் பெரிய வெடிச்சத்தத்தோடு இன்னொரு முறை தரப் பார்க்கும் இரண்டாம் பாகம் மறுவாரமே மறந்துபோகும். நிற்கிற இரண்டாம் பாகம், இந்தச் சக்திக்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கும். மேலே சொன்ன மூன்று படங்களும் அதைக் கேட்கின்றன. அதனால்தான் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபமாக இல்லை.

'தி டார்க் நைட்' பற்றி என்னிடம் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. கிறிஸ்டோபர் நோலன் 2008-இல் எடுத்தது. 152 நிமிடமும் மூச்சு விட விடாது. ஐமேக்ஸ் கேமராவைக் கொண்டு முக்கியமான காட்சிகளை எடுத்த முதல் பெரிய கதைப்படம். சிகாகோவின் லசால் வீதியில் நிஜ லாரி ஒன்றைத் தலைகுப்புறக் கவிழ்த்து எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் செய்ததில்லை என்பது பார்க்கும்போதே உடம்புக்குத் தெரியும். வில்லன் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் படம் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பு, 2008 ஜனவரியில், 28 வயதில் இறந்துபோனார். மறு வருடம் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. குடும்பத்தார் மேடையேறி வாங்கிக்கொண்டார்கள். அந்த நடிப்பைப் பார்த்த எவருக்கும் அந்தப் பரிசில் அனுதாபம் கலந்திருப்பதாகத் தோன்றாது.

இரண்டு படகுகள் வரும் காட்சியை நான் எப்போது பார்த்தாலும் உள்ளங்கை வேர்க்கும். ஒன்றில் கைதிகள், இன்னொன்றில் ஊர்க்காரர்கள். ஒவ்வொரு படகிலும் மற்றப் படகை வெடிக்க வைக்கும் கருவி. நள்ளிரவுக்குள் யாராவது அழுத்தாவிட்டால் இரண்டுமே வெடிக்கும் என்று ஜோக்கர் சொல்லிவிட்டான். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு அழுத்தலாம் என்றே முடிவு செய்கிறார்கள், ஆனால் அழுத்தக் கை வரவில்லை. கைதிகள் படகில் மலை மாதிரி ஒருவன் எழுந்து கருவியை வாங்கி, சன்னல் வழியே தண்ணீரில் எறிகிறான். பேட்மேன் அந்த நேரத்தில் வேறெங்கோ இருக்கிறான். ஊரைக் காப்பாற்றுவது ஊர்தான். இவ்வளவு பெரிய நம்பிக்கையை இவ்வளவு இருட்டான படத்துக்குள் வைத்ததற்காக நோலனை எனக்கு என்றைக்கும் பிடிக்கும்.

ஆனால் எட்டு வயதுப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியுமா? ஜோக்கர் ஒருவனைப் பென்சிலால் கொல்லும் காட்சி தொடக்கத்திலேயே வந்துவிடும். பேட்மேன் வேடம் போட்ட ஒருவனைக் கட்டி வைத்து ஜோக்கர் எடுக்கும் வீடியோ அதைவிட மோசம். அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டின் எரிந்த முகத்தைப் பார்த்த பிறகு அவன் மலை ராத்திரியில் தூங்குவான் என்று எனக்குத் தோன்றவில்லை. "யாரும் சாகக் கூடாது" என்று கேட்டவனிடம் பேட்மேன் காதலிக்கும் ரேச்சலின் சாவை எப்படிச் சொல்வது?

விலை என்ற அளவுகோலிலும் இங்கே எனக்கு ஒரு நெருடல் உண்டு. பேட்மேனான புரூஸ் வெய்ன் கொடுக்கும் விலை பெரியது: காதலித்தவளை இழக்கிறான், கடைசியில் தன் நல்ல பெயரையும் ஊருக்காகக் கொடுத்துவிட்டு ஓடுகிறான். ஆனால் ஓடிப்போய்ச் சேர்கிற இடம் கோடீஸ்வரன் வீடு. மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு அவனுக்குக் கவலையில்லை. சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தியாகம் பிரமிப்பாக இருக்கும், தன்னுடையதாகத் தெரியாது.

மூத்தவளின் படத்துக்கு வருகிறேன். 2023 ஜூனில் வந்தது, 140 நிமிடம். இந்தியாவில் தமிழ் உட்பட 10 மொழிகளில் வெளியிட்டார்கள். மும்பையையும் மன்ஹாட்டனையும் சேர்த்துக் குழைத்த ஒரு நகரம், அதில் பவித்ர் பிரபாகர் என்று நம்மூர் ஸ்பைடர்மேன். இந்தியிலும் பஞ்சாபியிலும் அவனுக்குக் குரல் கொடுத்தவர் கிரிக்கெட் வீரர் சுப்மன் கில். இதெல்லாம் மேல்பூச்சு. மூத்தவளைப் பிடித்துவைத்திருப்பது வேறு. குவென் என்ற ஸ்பைடர் பெண் வாழும் உலகம் முழுக்க நீர்வண்ணத்தில் வரைந்தது, அவள் மனநிலைக்கு ஏற்ப அறையின் நிறம் வழிந்து மாறும். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் காட்சியில் சுவர் கரைந்து நீலமாகவும் ஊதாவாகவும் ஒழுகுவதை அவள் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்திருக்கிறாள். ஹோபி என்ற பாத்திரம் போஸ்டர்களைக் கிழித்து ஒட்டியது போலவே நடமாடுவான். ஒரே சட்டகத்துக்குள் நாலைந்து கைகள் நாலைந்து விதமாக வரைந்ததை அடித்துக்கொள்ளாமல் நிறுத்தியிருக்கிறார்கள். வரைகிற பிள்ளைக்கு இது பெரிய பாடம்.

கதையும் வலுவானது. ஒவ்வொரு ஸ்பைடர்மேன் வாழ்க்கையிலும் நெருக்கமான ஒருவர் செத்தே தீர வேண்டும், அது விதி, அதைத் தடுத்தால் அந்த உலகமே சிதறும் என்கிறார்கள். நாயகன் மைல்ஸின் அப்பா போலீஸ் கேப்டன் ஆகப்போகிறார். அடுத்து சாகப்போவது அவர்தான். மற்ற ஸ்பைடர்மேன்கள் அத்தனை பேரும் தலையாட்டும்போது ஒரு பையன் மட்டும் முடியாது என்கிறான். விலையை எல்லாரும் கொடுத்தாயிற்று, நீயும் கொடு என்று சொல்கிற கூட்டத்தின் நடுவில் நின்று, ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறான். எனக்கு அந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் படம் நின்றுவிடும். மைல்ஸ் தவறான உலகத்தில் மாட்டிக்கொள்ள, 'தொடரும்' என்று போட்டு முடிக்கிறார்கள். தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை, இன்னும் ஏதோ வரும் என்று. இருக்கிற ஒரு ராத்திரியில் பாதிக் கதையைக் காட்டிவிட்டுப் பிள்ளைகளைப் படுக்க அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அம்மாவுக்கும் சிரமம்: அத்தனை உலகம், அத்தனை வேகம், கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் களைத்துவிடுவார்.

இப்போது என் படம். சாம் ரெய்மி இயக்கியது, 127 நிமிடம்.

படம் ஆரம்பிக்கும்போது பீட்டர் பார்க்கர் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருக்கிறான். 29 நிமிடத்தில் சேர்க்காவிட்டால் வேலை போய்விடும். வழியில் லாரிக்கு முன்னால் விழப்போகும் இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். நேரம் தவறுகிறது, வேலை போகிறது. (அவனை வேலையைவிட்டு அனுப்பும் கடைக்காரராக வருபவர் மும்பையில் பிறந்த ஆசிஃப் மாண்ட்வி.) ஸ்பைடர்மேன் படம் தொடங்கிய சில நிமிடங்களில், ஸ்பைடர்மேனாக இருந்ததற்காகவே ஒரு பையன் சம்பளத்தை இழக்கிறான். அதன் பிறகு வரிசையாக: பத்திரிகை ஆபீசில் ஏற்கெனவே வாங்கிய முன்பணத்துக்குக் கழித்துக்கொள்கிறார்கள். வீட்டு வாசலில் வாடகை கேட்டு வீட்டுக்காரர் நிற்கிறார். கல்லூரியில் தாமதம், மதிப்பெண் சரிகிறது. காதலித்தவளின் நாடகத்துக்குப் போனால் கதவைச் சாத்திவிட்டார்கள். உடுப்பைச் சலவை இயந்திரத்தில் போட்டால் சாயம் போய் வெள்ளைத் துணியெல்லாம் நாசம்.

2004-இல் நான் சேலத்தில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். விடிகாலையில் அம்மாபேட்டைப் பக்கம் வீடு வீடாகப் பேப்பர் போட்டுவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு வகுப்புக்குப் போனால் முதல் பாடம் முடியும் நேரமாக இருக்கும். தமிழில் பேசும் பிரதியைப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தியேட்டரில் பார்த்தேன். வகுப்புக்கு ஓடிவரும்போது மற்ற மாணவர்களின் பை முகத்தில் இடித்து புத்தகமெல்லாம் கீழே சிதற, பீட்டர் குனிந்து பொறுக்குகிற ஒரு காட்சி உண்டு. வானத்தில் பறக்கிறவன், கட்டடத்தைத் தாங்குகிறவன், அங்கே தரையில் தாள் பொறுக்குகிறான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமாக ஓர் அமெரிக்கப் படம் அறிந்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறந்தநாளன்று, அவனை வளர்த்த மே ஆன்ட்டி அவனுக்கு 20 டாலர் கொடுக்கும் காட்சியைச் சொல்லியாக வேண்டும். வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளப்போகிறது. அந்த நோட்டீஸை அவன் பார்த்துவிட்டான். வேண்டாம் என்கிறான். வயதான அந்த அம்மா திடீரென்று கோபப்பட்டு, வாங்கிக்கொள் என்று அதட்டி, உடனே உடைந்து அழுவார். ரோஸ்மேரி ஹாரிஸ் அதைச் செய்த விதத்துக்கு வசனமே வேண்டாம். கொடுக்க முடியாத நிலையிலும் கொடுத்தே தீருவேன் என்கிற பெரியவர்களின் அந்தக் கோபம் நம் வீடுகளில் இல்லாமல் இல்லை. தீபாவளிக்கு என் பையில் பணம் திணிக்கும்போது என் அம்மா முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியில் அம்மா என்ன செய்கிறார் என்று நான் திரையைவிட்டு அவரைத்தான் பார்ப்பேன்.

அடுத்து, பீட்டருக்குச் சக்தி போகத் தொடங்குகிறது. எதிரி யாரும் பறிக்கவில்லை. மனசு வேண்டாம் என்கிறது, உடம்பு அதைக் கேட்கிறது. உடுப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறான். 1967-இல் வந்த காமிக்ஸின் ஒரு பக்கத்துக்கு ரெய்மி செலுத்திய மரியாதை அந்தச் சட்டகம். பிறகு கொஞ்ச நாள் நிம்மதி. வகுப்பில் பதில் சொல்கிறான், சிரிக்கிறான். நமக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும், அதுதான் படத்தின் நேர்மை. விட்டுவிடுவதில் உண்மையான சுகம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. அப்புறம் ஒரு கட்டடத்தில் தீ. சக்தியில்லாமலேயே உள்ளே ஓடி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். வெளியே வந்து மூச்சு வாங்கும்போது, நாலாவது மாடியில் ஒருவர் மாட்டிக்கொண்டு இறந்துபோனது காதில் விழுகிறது. சக்தி இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது.

உடனே வரும் காட்சி இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்காரரின் மகள், ஒல்லியான கூச்ச சுபாவப் பெண், கதவைத் தட்டி, சாக்லேட் கேக் ஒரு துண்டு சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள். ஒரு தம்ளர் பாலும் தருகிறாள். அவன் சாப்பிடுகிறான். அவ்வளவுதான். கதை நகரவில்லை, சண்டை இல்லை. 20 கோடி டாலருக்கு அருகில் செலவழித்து எடுத்த ஒரு படம், சோர்ந்துபோன பையன் ஒருவன் கேக் சாப்பிடுவதற்கு நேரம் ஒதுக்குகிறது. இப்படி ஒரு காட்சியை வைக்கத் துணிந்த சூப்பர் ஹீரோ படத்தை அதற்குப் பின் நான் பார்க்கவில்லை.

ரயில் சண்டை. சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குக் கிடைத்ததற்கு இந்தக் காட்சி ஒன்றே போதும். கதை நடப்பது நியூயார்க், ஆனால் தூண்மேல் ஓடும் அந்த ரயில்பாதை சிகாகோவில் படமாக்கியது. லசால் வீதி லாரியும் இதே சிகாகோதான். பேட்மேனுக்கும் ஸ்பைடர்மேனுக்கும் ஒரே ஊர் கைகொடுத்திருக்கிறது. ரயிலை நிறுத்த முன்னால் நின்று, இரண்டு பக்கக் கட்டடங்களிலும் வலை வீசிப் பிடித்து, சட்டை கிழிய, முகமூடி இல்லாமல் கத்துகிறான். ரயில் நின்றதும் மயங்கி விழப்போகிறவனைப் பயணிகள் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். சின்னப் பையன்தானே இவன், என் மகன் வயசுகூட இருக்காதே என்கிறார் ஒருவர். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். விசிலுக்குப் பேர்போன எங்கள் ஊர்த் தியேட்டர் அந்த நேரத்தில் அமைதியானது. மறுபடி வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் வந்து நின்றபோது, பயணிகள் ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் எழுந்து நிற்கிறார்கள். எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்கிறார்கள். அப்போது வந்த சத்தத்தை நான் ரஜினி படத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

'டார்க் நைட்' படகுகளையும் இந்த ரயிலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் ஊர் ஜனம்தான் நாயகன். படகில் அவர்கள் ஒரு கொடுமையைச் செய்யாமல் விடுகிறார்கள். ரயிலில், தங்களுக்காக விலை கொடுத்தவனின் முகத்தைப் பார்த்து, அந்த விலையில் ஒரு பங்கைத் தாங்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டாவது பெரியது.

வில்லனும் அப்படித்தான். ஆல்ஃபிரட் மொலினா நடித்த ஆட்டோ ஆக்டேவியஸ்தான் ஆக்டோபஸ் ஆகிறார். நல்ல விஞ்ஞானி, மனைவியை நேசிப்பவர். தன் கணக்கு தப்பாது என்ற பிடிவாதம் மனைவியைக் கொன்று, நாலு இரும்புக் கைகளை அவர் முதுகோடு ஒட்டிவிடுகிறது. அந்தக் கைகளைப் பல காட்சிகளில் பொம்மலாட்டக் கலைஞர்கள் பக்கத்தில் நின்று இயக்கினார்கள். அதனால்தான் அவற்றுக்கு உயிர் இருக்கிறது. கடைசியில் தன் படைப்பைத் தானே தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகிறார், மிருகமாகச் சாக மாட்டேன் என்று.

இங்கேதான் 'நோ வே ஹோம்' வருகிறது. பழைய படங்களின் ஸ்பைடர்மேன்களும் வில்லன்களும் வந்து சேரும் படம் அது. பிள்ளைகளுக்கு ஆக்டோபஸை அந்தப் படத்தில்தான் தெரியும். பீட்டராக நடித்த டோபி மக்வயர் அவர்களுக்கு மூன்று ஸ்பைடர்மேனில் ஒருவர், முதுகு வலி இருக்கிறவர், அவ்வளவுதான். அந்த முதுகு வலி 'ஸ்பைடர்மேன் 2'-இல் சக்தி போய்க் கீழே விழுந்தபோது வந்தது. ஆக்டேவியஸ் அவனைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்க, அவன் நல்லபடியாக இருக்க முயற்சி பண்றேன் என்று சொல்வதற்கு அவர்கள் கைதட்டியதை நான் பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் மொத்தக் கடனும் அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வலையில் ஊசலாடும் சில காட்சிகளில் உருவம் இன்று ரப்பர் போலத் தெரியும். நடுவுள்ளவன் கட்டாயம் சொல்லிக் காட்டுவான். பீட்டர் காதலிக்கும் மேரி ஜேனை மறுபடியும் வில்லன் தூக்கிப்போய்க் கட்டி வைப்பது சோம்பேறித்தனமான எழுத்து. மூத்தவள் இதை விட மாட்டாள், விடவும் கூடாது. கடைசியில் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானித்து மணக்கோலத்தோடு ஓடி வருகிறாள் என்பதும், படத்தின் இறுதிச் சட்டகம் அவளுடைய கவலை தோய்ந்த முகம் என்பதும் அதை ஓரளவு சரிசெய்கிறது. ஆஸ்பத்திரியில் இரும்புக் கைகள் மருத்துவர்களைத் தாக்கும் காட்சி கடைக்குட்டிக்குப் பயம் தரும். ரெய்மி பேய்ப்படம் எடுத்துப் பழகியவர். சில நிமிடம்தான், அந்த நேரம் அவன் என் மடியில் இருப்பான். ஆக்டேவியஸின் மனைவி சாவதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவேன், மறைக்க மாட்டேன்.

இன்னொரு காரணம் மூத்தவள். அத்தான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டது. அவள் யாரும் கேட்காமலேயே சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கத் தொடங்கிவிட்டாள். ஓவியம் படிக்கச் சென்னைக்குப் போக ஆசை, அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆசைப்பட்டதையும் செய்ய வேண்டியதையும் ஒரே ஆள் சுமப்பது எப்படியிருக்கும் என்று இந்தப் படம் அளவுக்கு மற்ற இரண்டும் பேசவில்லை. நான் அவளுக்கு எந்த அறிவுரையும் சொல்லப்போவதில்லை. படம் ஓடட்டும்.

இனி சுவர், வெளிச்சம், சத்தம். இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வாடகைக்கோ இரவலுக்கோ கிடைக்கும் சின்ன புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. சுவரின் வெள்ளை கலந்து எல்லாம் சாம்பலாகும். 'டார்க் நைட்' பெரும்பகுதி ராத்திரியில் நடக்கிறது, பேட்மேன் உடுப்பும் கறுப்பு; பாதிப் படத்தை ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். 'ஸ்பைடர்வெர்ஸ்' படத்தின் உயிரே நிறத்தின் நுணுக்கம். சுவரில் அது வெளிறிப்போனால் மூத்தவளுக்குத்தான் முதல் ஏமாற்றம். 'ஸ்பைடர்மேன் 2'-இன் ரயில் சண்டை பட்டப்பகலில் நடக்கிறது. சிவப்பும் நீலமும் எந்தச் சுவரிலும் எடுபடும். தலைப்பு ஓடும்போதே அலெக்ஸ் ராஸ் வரைந்த ஓவியங்கள் முதல் பாகக் கதையை நினைவுபடுத்திவிடும். கடைக்குட்டிக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மூத்தவளுக்கும் வரைந்த கை ஒன்று கிடைக்கும். மே மாத மழை பிடித்தால் தகரக் கூரையில் பேச்சு கேட்காது. கேக் காட்சிக்கும் ரயிலுக்கும் பேச்சே தேவையில்லை. மலைமேல் சிக்னலை நம்ப முடியாது, படத்தை அஸ்தம்பட்டியில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்வேன். 135 நிமிட நீட்டிய பதிப்பு ஒன்றும் உண்டு. பத்திரிகை ஆசிரியர் ஸ்பைடர்மேன் உடுப்பை மாட்டிக்கொண்டு குதிப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் சிரிப்பார்கள்தான், ஆனால் படத்தின் நடையைக் கெடுக்கிறது. 127 நிமிடமே போதும்.

தமிழா, ஆங்கிலமா? கடைக்குட்டிக்கும் அம்மாவுக்கும் கீழே ஓடும் எழுத்தைப் படிக்க முடியாது, ஆகவே தமிழ். லெட்ஜரின் குரலை எடுத்துவிட்டால் ஜோக்கரில் பாதி போய்விடும்: அந்த இழுவை, நாக்கால் உதட்டைத் துழாவுகிற இடைவெளி, சட்டென்று தாழ்கிற தொனி. 'டார்க் நைட்'டைத் தமிழில் போடுவது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். டோபி மக்வயர் பெரும்பாலும் கண்ணால் நடிக்கிறார். நான் முதலில் பார்த்ததே தமிழில்தான், எனக்கு எதுவும் குறையவில்லை.

ஆகவே 'ஸ்பைடர்மேன் 2'. ஏழரைக்குப் போட்டால் பத்து மணிக்குள் முடியும். உடுப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடக்கிற இடம் கிட்டத்தட்ட நடுவில் வரும். அங்கே நிறுத்திச் சாப்பாடு. சேலத்திலிருந்து தட்டுவடை செட்டுக்கு வேண்டியதையெல்லாம் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போவோம், அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். அவன் திரும்பப் போக வேண்டுமா, வேண்டாமா என்று மூன்று பேரும் சண்டை போடட்டும். நடுவுள்ளவன் போக வேண்டும் என்பான். மூத்தவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.

நடுவுள்ளவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்: பத்தாவது பரீட்சை முடிந்ததும் 'டார்க் நைட்', ஆங்கிலத்தில், இருட்டறையில், நல்ல டிவியில், அவனும் நானும் மட்டும். 'ஸ்பைடர்வெர்ஸ்' மூத்தவளின் படம். அதை அவள் எனக்குக் காட்ட வேண்டும், எங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அவளே சொல்ல வேண்டும். அதற்கு ஏற்காடு வேண்டாம், அவள் வீட்டு கம்ப்யூட்டர் போதும்.